நான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம்

உங்கள் மேசையின் இரண்டாவது இழுப்பறை சரியாக மூடவில்லை. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை அதை முழங்காலால் தள்ளிவிட்டீர்கள். அது பெரிய விஷயம் இல்லை, ஐயா. இடப்பக்கப் பலகை ஈரத்துக்கு ஊதியிருக்கும். இழுப்பறையை வெளியே எடுத்து, ஓரத்தில் மெழுகுவத்தியால் நாலு இழுப்பு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இப்படித் தள்ளித் தள்ளி மூடினால் அடிப்பலகை விட்டுப்போகும். கிளம்புவதற்கு முன் நானே செய்து தருகிறேன்.

நான் வந்தது உங்கள் விபத்து அறிக்கையைப் பற்றிப் பேச. பிரதி முந்தாநாள் தபாலில் வந்தது. இறந்தவரின் மனைவி என்ற முறையில் என் தங்கை பெயருக்கு வந்தது. பன்னிரண்டு பக்கம். சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பட்டறையின் நீள அகலம், விளக்குகள் எத்தனை, தரையில் மரத்தூள் எவ்வளவு என்று ஒன்றையும் விடவில்லை. முதலுதவிப் பெட்டி குறையில்லாமல் இருந்தது, புதுப் பஞ்சும் கட்டுத்துணியும் போதிய அளவு இருந்தன என்று ஆறாம் பக்கத்தில் பாராட்டாக ஒரு வரி வருகிறது. அது என் பொறுப்பில் இருந்த பெட்டிதான். நன்றி.

நான்காம் பக்கம், மூன்றாவது பத்தியில் ஒரு வரி இருக்கிறது. 'கைடின் பின்முனை பூட்டப்படாமல் இருந்ததே விபத்துக்குக் காரணம். அதைச் சரிபார்க்கும் முறை இயந்திரப் பராமரிப்பாளருக்குத் தெரிந்திருக்கவில்லை எனக் கருத வேண்டியுள்ளது.'

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. அதைத் திருத்தக் கேட்கத்தான் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பட்டறையில் நான் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். கதவு, ஜன்னல், பள்ளிக்கூடத்து பெஞ்சு எல்லாம் செய்கிற இடம். ஏழு மிஷின்கள். அவற்றில் எதன் சத்தம் மாறினாலும் நான் டீ குடிக்கிற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன், பேரிங்கா, பெல்ட்டா என்று. பட்டறையில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் எட்டு மணிக்கு முன் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்து, சரியாக இருந்தால் அதன் மேல் சாக்கட்டியால் ஒரு டிக் போடுவேன். அதற்கு டாக்டர் சீட்டு என்று பெயர். சீட்டு விழாத மிஷினை யாரும் ஓட்ட மாட்டார்கள். முதலாளியே வந்து அவசரம் என்றாலும், "டாக்டர் இன்னும் சீட்டு குடுக்கல" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இது யாரும் எழுதி வைத்த விதி இல்லை. அதனால் உங்கள் அறிக்கையில் இது வரவில்லை.

மேசை ரம்பம் உங்களுக்குத் தெரியும், பார்த்தீர்கள். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். பலகையை நீளவாட்டில் அறுக்கும்போது அது கோணாமல் போவதற்காக, பிளேடுக்கு இணையாக ஒரு நீள இரும்புக் கட்டை நிற்கும். அதுதான் கைடு. வேண்டிய அகலத்துக்கு அதை நகர்த்தி, முன்னால் உள்ள கைப்பிடியை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். பூட்டிய கைடு அசையக் கூடாது. பின்முனை பிளேடு பக்கமாகச் சாய்ந்தால் பலகை இரண்டுக்கும் நடுவே இறுகும். பிளேடு நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றுகிறது. இறுகிய பலகையை அது வைத்துக்கொள்ளாது. தள்ளுகிறவர் பக்கமே திருப்பி எறியும்.

கைடு பூட்டவில்லை என்று வருகிற புகாரில் முக்கால்வாசி மரத்தூள்தான். கைடு நகர்கிற குழாயிலும் கைப்பிடியின் அடியிலும் தூளும் பிசினும் அடைந்து கெட்டியாகிவிடும். மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். அது இல்லையென்றால் அழுத்துகிற கட்டை தேய்ந்திருக்கும், அல்லது குழாயைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். எங்கள் மிஷின் பழசு. அதில் இன்னொன்றும் உண்டு. கைடின் வயிற்றுக்குள் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு நீளக் கம்பி ஓடுகிறது. கைப்பிடியை அமுக்கினால் கம்பி இழுபட்டு, பின்னால் இருக்கும் கொக்கி மேசையைக் கவ்வும். கம்பியின் முனையில் ஒரு நட்டு இருக்கிறது. அது தளர்ந்தால் முன்பக்கம் பூட்டும், கைப்பிடி 'டக்' என்று விழும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். பின்பக்கம் மட்டும் சும்மா இருக்கும்.

இதைத் தெரியாதவன் என்று என்னை எழுதியிருக்கிறீர்கள்.

இறந்தவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அறிக்கையில் அவரை 'இயக்குபவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. ரம்பச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிக்கொண்டே அறுப்பார், ஆனால் கோடு ஒரு நூல் விலகாது. அப்படி ஒரு கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் என் தங்கையை அவருக்குக் கொடுத்தேன். அவளுக்குப் பதினான்கு வயதில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அதன்பிறகு நான்தான். கல்யாணத்துக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று, இருவரும் என் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று. அவருக்கும் பின்னால் யாரும் இல்லை. சரி என்றார். ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தோம்.

பட்டறையில் அவரைக் கேலி செய்வார்கள். பாலிஷ்காரர் ஒருநாள், "வீட்டோட மாப்பிள்ளையாப் போனாலும் மாமியார் இல்லாத வீடு, குடுத்து வச்சவன்டா நீ" என்றார்.

"யார் சொன்னது?" என்று இவர் என் பக்கம் கையைக் காட்டினார். "மாமியார், மாமனார், மச்சான், மூணும் சேர்ந்து ஒரே ஆளா உட்கார்ந்திருக்கு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும், ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீடு மாடியில் மூன்று அறை. நடு அறையில் ஜன்னலை ஒட்டித் தங்கையின் தையல் மிஷின். நாங்கள் இருவரும் பட்டறையிலிருந்து ஆறு மணிக்கு வந்துவிடுவோம். அவள் தையலை நிறுத்திவிட்டு டீ போடுவாள். அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். அவர் பேசுவார், அவள் சிரிப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பேச வராது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சிநேகிதர்கள் என்றும் யாரும் இல்லை. அந்த ஆறு மணிதான் எனக்கு இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது.

போன மாதம் முதல் வாரத்தில் ஒருநாள், டீ ஆறுகிற வரை பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் வீட்டில் ஏதோ பழுதாகிவிட்டது என்று அர்த்தம்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"வெளியூர்ல ஒரு பெரிய ஃபாக்டரி. அறுவைப் பிரிவுக்குத் தலைமையா ஆள் கேக்கறாங்க. வீடும் அவங்களே தர்றாங்க. இருபத்தெட்டாம் தேதி வரச் சொல்லி, அறுத்துக் காட்டச் சொல்லியிருக்காங்க. பிடிச்சுப்போச்சுன்னா ஒண்ணாம் தேதியே சேரணும்."

"வீடு எத்தனை அறை?" என்று கேட்டேன்.

தங்கைதான் பதில் சொன்னாள். "ஒரு அறை, ஒரு சமையலறை. நீ எப்ப வேணும்னாலும் வரலாம்ணா."

"வந்தா எங்க படுப்பேன், அடுப்புக்குப் பக்கத்துலயா?"

"அடுப்பு மக்கர் பண்ணா பக்கத்துலயே டாக்டர் இருப்பார்ல" என்றார் அவர்.

சிரித்தோம். அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள், பாரம் இறங்கிய மாதிரி. எனக்குச் சொல்வதற்காக எத்தனை நாள் பயந்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் மறைக்க வரவில்லை.

நான் கோபப்படவில்லை. தடுக்கவும் இல்லை. தடுத்திருந்தால் மனக்கசப்பு வந்திருக்கும். எந்தப் பழுதையும் அதன் இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அவர் கை நன்றாக இருப்பதால்தான் கூப்பிடுகிறார்கள். கை முன்னைப்போல இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள். எங்கள் முதலாளியோ அப்படிப்பட்டவர் இல்லை. வேலையில் அடிபட்டவர்களை அவர் அனுப்பியதே கிடையாது. ஸ்டோர் அறையில் உட்காரவைப்பார். சம்பளம் நிற்காது, வீடு மாறாது. இதை எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன், யாருக்கும் பெரிய நஷ்டம் தெரியவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் அந்த ரம்பத்தில் மூன்று பேருக்கு அடிபட்டதைப் பார்த்திருக்கிறேன். மூன்றும் கைடு நகர்ந்ததால் வந்தவை. பலகை திடீரென்று திரும்பும்போது, அதை அணைத்துப் பிடித்திருக்கும் இடக்கை பிளேடு பக்கம் இழுபடும். மூன்று முறையும் விரல்தான், மூன்று முறையும் இடக்கை. அவர்களில் ஒருவர் இப்போது எங்கள் பட்டறையிலேயே கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு விரல் இல்லை. ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரித்தேன்.

"வலி எத்தனை நாள்ணே இருந்துச்சு?"

"என்ன டாக்டரே, பத்து வருஷம் கழிச்சு நலம் விசாரிக்கற?" என்று சிரித்தார். "பதினஞ்சு நாள் உயிர் போச்சு. அப்புறம் பழகிருச்சு. சட்டை பட்டன் போடறதுதான் இன்னிக்கும் கஷ்டம்."

பட்டனைத் தங்கை போட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வலக்கைக்காரர் என்பதையும் யோசித்தேன். சாப்பிட, எழுத, எதற்கும் தடை வராது. நான் எடுத்துக்கொண்ட கணக்கு இரண்டு விரல். அதற்குமேல் நான் நினைக்கவே இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழுதை நான் உண்டாக்கவில்லை. அது தானாகத்தான் வந்தது. இருபத்தோராம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரே வந்து சொன்னார்.

"மச்சான், கைடு நிக்கமாட்டேங்குது. பூட்டினாலும் பின்னாடி லொடலொடங்குது. நாளைக்கு அந்தக் கதவுக்கட்டை எல்லாம் அறுக்கணும்."

"நீங்க கிளம்புங்க, நான் பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

பட்டறை காலியான பிறகு உட்கார்ந்தேன். முதலில் குழாயைத் துடைத்தேன். பிசின் அதிகமாகத்தான் இருந்தது. துடைத்த பிறகும் பின்முனையைக் கட்டைவிரலால் தள்ளினால் நகர்ந்தது. கைடைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். கம்பி நட்டு அதிர்வில் தளர்ந்திருந்தது. அதை இறுக்கினேன். ரொம்ப இறுக்கினால் கைப்பிடி கீழே வராது, இறுக்காவிட்டால் கொக்கி கவ்வாது. கைப்பிடி பாதி வழி சும்மா வந்து, கடைசியில் கொஞ்சம் முரண்டு பிடித்து உட்கார வேண்டும். அந்த இடம் கைக்குத்தான் தெரியும். பிறகு பிளேடுக்கும் கைடுக்கும் உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்தேன். இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு துண்டுப் பலகையை விட்டு அறுத்தேன், வெண்ணெய் மாதிரி போனது. ஆக மொத்தம் நாற்பது நிமிஷம். அன்று சாயங்காலம் அந்தக் கைடை யானை வந்து தள்ளினாலும் அசைத்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், 'தெரிந்திருக்கவில்லை' என்பது சரியில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. டீ ஆறிப்போய் மூடி வைத்திருந்தது. நடு அறையில் ஒரு பெட்டி திறந்திருந்தது. தங்கை துணிகளை இரண்டாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என் சட்டைகளை ஒரு பக்கம் தனியாக வைத்திருந்தாள்.

"இன்னும் அறுத்தே காட்டலை, அதுக்குள்ளயா?" என்றேன்.

"அவர் அறுத்து யாராவது வேண்டாம்பாங்களாண்ணா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான்.

மறுநாள் காலை ஏழே காலுக்கு நான் தனியாகப் பட்டறைக்குப் போனேன். வழியில் மருந்துக்கடையில் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கினேன். முதலுதவிப் பெட்டியில் இருந்தது பழசாகிவிட்டது. பட்டறை வேன் டிரைவரிடம் வண்டியை உள்ளே விட வேண்டாம், கேட் பார்த்து நிறுத்து என்று சொன்னேன். கை அறுவைக்குத் தனி டாக்டர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று முன்பே விசாரித்து, ஃபோன் நம்பரை ஒரு தாளில் எழுதி பெட்டியின் மூடிக்குள் ஒட்டினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். முன்னெச்சரிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஏழு நாற்பதுக்கு மிஷின்களைப் பார்க்க ஆரம்பித்தேன். மேசை ரம்பத்தின் முன் வந்ததும் கைடைக் கவிழ்த்து, நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஒரு சுற்று தளர்த்தினால் லொடலொடக்கும், அவர் கண்டுபிடித்துவிடுவார். கால் சுற்று போதாது. அரைச் சுற்றில் லேசாகத் தொட்டால் நிற்கும், தட்டினாலோ பலகை பாரம் ஏறினாலோதான் நகரும். சரியாகப் பூட்டுகிற இடம் தெரிந்தவனால்தான் இந்த இடத்தையும் வைக்க முடியும். பிறகு மாட்டினேன். கைப்பிடி 'டக்' என்று விழுந்தது. டிக் போட்டேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதைப் பற்றி உங்கள் அறிக்கையில் இல்லை, உங்களுக்குத் தெரிய வழியில்லை. வேலைக்கு வந்த புதிதில், கைடைப் பூட்டியதும் பின்முனையை விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அறுப்பார். நல்ல பழக்கம். கல்யாணமான மறுமாதம், நான் சீட்டு போட்ட மிஷினை அப்படித் தட்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னேன், "ஏன் மாப்பிள்ளை, என் சீட்டு மேல நம்பிக்கை இல்லையா?" என்று. பாலிஷ்காரர் உடனே, "பொண்ணு குடுத்தவரையே தட்டிப் பாக்கறியாடா?" என்றார். இவர் வெட்கப்பட்டுப்போனார். அன்றிலிருந்து தட்டுவதை விட்டுவிட்டார். ஆறு வருஷம் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. பயத்தால் இல்லை, மரியாதைக்காக.

புதன்கிழமை பத்தரை மணிக்குக் கதவுக்கட்டைகளை அறுக்க ஆரம்பித்தார். நான் பத்தடி தள்ளி இழைப்பு மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கைடை நகர்த்தினார், பூட்டினார். பிறகு, முந்தின நாள் லொடலொடத்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, வலக்கையை நீட்டிப் பின்முனைக்குக் கொண்டுபோனார். விரலை மடக்கியும்விட்டார். அப்போது நிமிர்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"டாக்டர் கையெழுத்துக்கு மேல நான் யாரு" என்றார்.

எண்ணெய்க் கேனின் மூடியைப் போட்டேன்.

நான்கு கட்டை நல்லபடியாகப் போனது. ஐந்தாவது பாதியில் இருக்கும்போது பிளேடின் சத்தம் தாழ்ந்தது. இறுகும்போது அப்படித்தான் தாழும். அவர் பேச்சு நின்றது. பிறகு ஒரு அடி, கதவை யாரோ அறைந்து சாத்தியது மாதிரி. பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டை அவருக்குப் பின்னால் சுவர் ஓரம் கிடந்தது.

நான் முதலில் அவர் இடக்கையைத்தான் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. வலக்கையிலும் இருந்தன. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வேலை ஆகவில்லை என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. இருபத்தெட்டாம் தேதிக்கு ஆறு நாள்தான் பாக்கி.

"ஒண்ணுமில்ல மச்சான். வயித்துல பட்டுருச்சு. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

பஞ்சும் கட்டுத்துணியும் தேவைப்படவில்லை. வேன் கேட்டைப் பார்த்து நின்றதால் சீக்கிரம் போக முடிந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டுதான் வந்தார். ஆஸ்பத்திரியில் உள்ளே ஈரல் கிழிந்திருக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் கண் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், யாரும் உங்களை ஒண்ணும் சொல்லிடக் கூடாது. நீங்க சீட்டு போட்ட மிஷின். நான்தான் எங்கயோ தப்பாத் தள்ளிட்டேன். முதலாளிகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

"பேசாதீங்க மாப்பிள்ளை. வலிக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து எல்லோரும் போன பிறகு, தங்கை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு மிஷினைப் பார்த்துட்டுத்தானே சீட்டு போட்ட?"

"பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"அப்போ சரி" என்றாள்.

நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, ஐயா. அன்றும் சொல்லவில்லை.

நீங்கள் விசாரணைக்கு வந்தது அதற்கு மறுவாரம். கைடை நான் அப்படியேதான் விட்டுவைத்திருந்தேன். ஒரு நட்டு, ஒரு நிமிஷ வேலை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சீட்டு போட்ட பிறகு மிஷினைத் தொடுவது என் வழக்கம் இல்லை. நீங்கள் பின்முனையைக் கட்டைவிரலால் தள்ளினீர்கள், ஒரு பென்சில் அகலத்துக்கு நகர்ந்தது. "இதைப் பார்க்கவே மாட்டீங்களா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் நீங்கள் நான்காம் பக்கத்தில் 'தெரிந்திருக்கவில்லை' என்று எழுதிவிட்டீர்கள்.

அறிக்கையைத் தங்கைதான் பிரித்தாள். ஜன்னல் ஓரத்தில் நின்று பன்னிரண்டு பக்கத்தையும் படித்தாள். நான் டீ போட்டு எடுத்து வந்து வைத்தேன். இப்போதெல்லாம் டீ நான்தான் போடுகிறேன். படித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை, என் தலையில் கையை வைத்தாள்.

"உனக்குத் தெரியாம நடந்துபோச்சுண்ணா. நீ என்ன வேணும்னேவா செஞ்ச? விடு. மனசுல வச்சுக்காத."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் போன அன்றுகூட நான் சாப்பிட்டேன். இப்போது பட்டறையில் என் சீட்டு விழுந்த மிஷினை எல்லோரும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். நான் திரும்பிய பிறகு தட்டுகிறார்கள், சத்தம் கேட்கத்தானே செய்கிறது. பாலிஷ்காரர் யாரிடமோ, "பத்தொன்பது வருஷமா என்னத்தைப் பார்த்தாரோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேலியாகக்கூட இல்லை, வருத்தமாகச் சொன்னார். முதலாளி நேற்றுக் கூப்பிட்டு, வெளியிலிருந்து ஒரு ஆள் வருகிறார், இரண்டு நாள் கூட இருந்து கைடு சரிசெய்வது எப்படி என்று கற்றுக்கொள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அதனால்தான் வந்தேன். மற்றபடி உங்கள் அறிக்கையில் எனக்குக் குறை இல்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். 'கைடின் பின்முனையைச் சரிபார்க்கும் முறை பராமரிப்பாளருக்கு நன்கு தெரியும். இருபத்தோராம் தேதி மாலை அவர் அதைக் குறையின்றிச் சரிசெய்தார். இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு, இயக்குபவருக்கு அடிபட வேண்டும் என்று, நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினார். அதன்பின் சரி என்று குறியிட்டார்.' அடியில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அடிபட வேண்டும் என்பதற்குப் பக்கத்தில், இரண்டு விரல் அளவுக்கு என்று சேர்க்க முடிந்தால் சேருங்கள். முடியாது என்றால் வேண்டாம்.

திருத்திய பிரதியையும் தங்கை பெயருக்கே அனுப்பிவிடுங்கள். அண்ணனுக்கு வேலை தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இது முடிய எவ்வளவு நேரம் ஆகும், ஐயா? மணி ஐந்தாகிறது. மெழுகுவத்தி இருந்தால் கொடுங்கள், அதற்குள் இந்த இழுப்பறையைப் பார்த்துவிடுகிறேன். ஆறு மணிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.